ஒளியை உணரும் சிலிக்கான்

கடலடித் தந்தி வடங்களைச் சோதிக்க வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செலினியக் கோல்களை மின்தடையாகப் பயன்படுத்தி வந்தார். அவற்றின் தடை ஒருநிலையில் நிற்கவில்லை. வெளிச்சம் பட்டால் குறைந்தது. மூடி வைத்தால் கூடியது. இதை அவர் 1873இல் அறிவித்தார். ஒளியுணர் குறைக்கடத்திகளின் வரலாறு இங்குத் தொடங்குகிறது.

குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு பிணைந்திருக்கின்றன. சிலிக்கானில் அப்பிணைப்பு அறுபட ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. ஒளி சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். ஒரு பொட்டலத்தில் அந்த அளவு ஆற்றல் இருந்தால் எலக்ட்ரான் விடுபடும். இல்லையெனில், எத்தனை பொட்டலங்களைக் கொட்டினாலும் பயனில்லை. ஒளி டையோடில் இரு வகைச் சிலிக்கான் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் நிலவுகிறது. விடுபட்ட எலக்ட்ரானை அது ஒருபுறம் தள்ள, ஒளியின் அளவுக்கேற்ப மின்னோட்டம் பிறக்கிறது. இதே அமைப்பை அகலப்படுத்தினால் சூரிய மின்கலம். கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, ஒளியே கண்ணை வந்தடைகிறது என்று கிதாபுல் மனாழிரில் நிறுவிய இப்னுல் ஹைதம் இக்கருவியைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என நாம் எண்ணுவதுண்டு.

கொரோனாக் காலத்தில் பல இல்லங்களுக்குள் நுழைந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் உயிர்நாடியும் ஒளி டையோடுதான். விரலின் ஒருபுறமிருந்து 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பொளியும் மாறிமாறிப் பாய்கின்றன. ஆக்ஸிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை மிகுதியாகவும் உட்கொள்ளும். ஆக்ஸிஜன் இழந்ததோ நேர்மாறானது. தோலும் எலும்பும் ஒளியை மறைக்குமே என்று கேட்கலாம். நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி இரத்தத்தின் செய்தி கிடைக்கும் என்பதே 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயகி கண்ட வழி. எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த சிந்தனை அது.

ஆயினும் தோலின் நிறம் முற்றிலும் விலகிவிடவில்லை. 2020இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டிய வேளையிலும் உண்மையளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பரிடம் 11.7 சதவீதம். டையோடு தன்மீது விழுந்த ஒளியைச் சரியாகவே அளக்கிறது. அதை ஆக்ஸிஜன் அளவாக மாற்றும் சூத்திரமோ தன்னார்வலர்களின் இரத்தத்தை அளந்து வகுக்கப்பட்டது. அவர்களுள் கருநிறத்தார் சிலரே எனில், பிழை அங்கேயே நுழைந்துவிடும். மாநிறமும் கருநிறமும் உடைய நமக்கு இது அயலார் செய்தியன்று. மூச்சுத் திணறல் மிகுந்திருக்கையில் கருவி 94 காட்டுகிறதென்று வீட்டில் காத்திருத்தல் கூடாது. தமனி இரத்தத்தை நேரடியாகச் சோதிக்கும் வசதி மருத்துவமனைகளில் உண்டு.