பாம்பு ஏன் சாப்பிடவில்லை? ஒரே தொட்டியில் இரண்டு போவா வளர்ப்போர் கவனத்திற்கு

ஜொகூர்பாரு – மாசாயில் உள்ள என் சித்தி வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் ஆணும் பெண்ணுமாக இரண்டு போவா பாம்புகளைத் தம்பி வளர்த்து வந்தான். கடந்த மழைக்காலத்தில் ஆண் பாம்பு மெலியத் தொடங்கியது.

"மழக் காலத்துல அது அப்படித்தான்கா, சாப்பாட்டக் கொறைச்சுக்கும்" என்றான் தம்பி. "புத்துக்கு வைக்கிற மாதிரி கொஞ்சம் பால் வச்சுத்தான் பாரேன்" என்றார் சித்தி.

இரண்டு பேரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் பிப்ரவரியில் அந்தப் பாம்பு இறந்துவிட்டது. தம்பி சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மழைக்காலத்தில் போவா உணவைக் குறைப்பது உண்டு. அது இயல்பான பட்டினியா, நோயின் அறிகுறியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். இரண்டு பாம்புகளை ஒரே தொட்டியில் விட்டதில் அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது. இதைத்தான் அவன் கவனிக்கவில்லை.

போவா வேறு, மலைப்பாம்பு வேறு

நம் செம்பனைத் தோட்டங்களில் கோழியை விழுங்கிவிட்டு அசையாமல் கிடப்பது மலைப்பாம்பு. மலாய்க்காரர்கள் அதை 'ஊலார் சாவா' என்பார்கள். அது முட்டையிடும். போவாவோ மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தது, குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள்கூடப் பிறக்கலாம். இரண்டுக்குமே நஞ்சு இல்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் வகை. தமிழ்நாட்டில் மூடநம்பிக்கையால் பிடித்து விற்கப்படும் மண்ணுளிப் பாம்பு, போவாவுக்கு உறவுக்காரப் பாம்புதான்.

நல்ல பராமரிப்பில் ஒரு போவா 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். இன்று வாங்கும் குட்டி, வாங்குபவரின் பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வரை வீட்டில் இருக்கலாம்.

பசி ஏன் குறைகிறது?

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து கிடைக்கும் வெப்பத்தைக் கொண்டுதான் அதன் வயிறு வேலை செய்கிறது. வெப்பம் போதாவிட்டால் விழுங்கிய இரை செரிக்காமல் உள்ளேயே அழுகும். அந்த ஆபத்தைத் தவிர்க்கவே குளிரில் பாம்பு உணவை மறுக்கிறது.

சும்மா இருக்கும் காலத்தில் அதன் செரிமான உறுப்புகளும் சுருங்கி ஓய்வெடுக்கின்றன. இரை கிடைத்ததும் உடல் முழுவதும் விழித்துக்கொள்ளும். பர்மிய மலைப்பாம்பு இரை விழுங்கிய 48 மணி நேரத்தில் அதன் இதயத்தின் எடை சுமார் 40 விழுக்காடு கூடுகிறது என 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. போவாவும் எப்போதாவது பெரிய இரையை உண்டு, இடையில் நெடுநாள் சும்மா இருக்கும் வகைதான். எனவே நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த போவாவுக்குச் சில வாரப் பட்டினி பெரிய சுமையல்ல.

இயல்பாகப் பசி குறையும் நேரங்கள் இவை:

• இனச்சேர்க்கைப் பருவத்தில் வளர்ந்த ஆண் பாம்பு சில வாரங்கள், சில வேளைகளில் மாதக் கணக்கில் உணவைத் தொடாது.

• கருவுற்ற பெண் பாம்பு உணவைக் குறைக்கும் அல்லது அடியோடு நிறுத்தும்.

• சட்டை உரிப்பதற்கு முன் கண்கள் நீலம் பூத்தாற்போல் மங்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் சாப்பிடாது.

• புது வீட்டுக்கு வந்த முதல் ஓரிரு வாரங்களில் பயத்தால் உண்ணாமல் இருக்கும்.

ஜொகூரில் குளிர்காலம் ஏது?

பாம்பு வளர்ப்பு நூல்கள் பலவும் ஐரோப்பிய, அமெரிக்க வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. 'குளிர்காலத்தில் உண்ணாது, கவலை வேண்டாம்' என்று அவை சொல்லும். ஜொகூர்பாருவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைதான் வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். இங்கே குளிர்காலமே இல்லை.

நமக்கு இருப்பது நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழை. தொடர்ந்து மழை பெய்தால் வெயில் தலைகாட்டாது, இரவும் குளிர்ந்துவிடும். பாம்பு பருவம் மாறியதாக உணர இது போதும். ஆனால் பல வீடுகளில் குளிரைக் கொண்டுவருவது மழை அல்ல, குளிரூட்டிதான். இரவெல்லாம் 20 பாகையில் ஓடும் அறையில், வெப்ப விளக்கு இல்லாத தொட்டியில் உள்ள பாம்பு எந்த மாதத்திலும் சாப்பிடாமல் இருக்கலாம். அதைப் பருவத்தின் மேல் பழிபோட முடியாது.

தொட்டியின் ஒரு பக்கம் 30 முதல் 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 பாகை இருக்க வேண்டும். பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். உணவை மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை அல்ல, வெப்பமானியை.

பால் வைப்பதும் தீர்வாகாது. பாம்பு பாலைச் செரிக்கும் உயிரினம் அல்ல. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருந்தால் போதும்.

ஒரே தொட்டியில் இரண்டு

அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு. இன்னொரு தொட்டி, இன்னொரு விளக்கு என்றால் செலவு. 'தனியாக இருந்தால் பாவம்' என்ற எண்ணம் வேறு. இப்படித்தான் பலர் இரண்டு பாம்புகளை ஒன்றாக விடுகிறார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடப்பதைப் பார்த்து அன்பு என்கிறோம். உண்மையில் தொட்டியில் நல்ல சூடான இடம் ஒன்றுதான் இருக்கும். இரண்டும் அதற்காகப் போட்டியிடுகின்றன. போவா இயல்பில் தனித்து வாழும் பாம்பு.

உணவு நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். எலியின் வாடை பரவியதும் இரண்டும் ஒரே இரையைக் கவ்வலாம். பெரியது சிறியதைச் சேர்த்தே விழுங்கிய சம்பவங்கள் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால், எதிர்பாராமல் இருபது குட்டிகளுக்கு வீடு தேட வேண்டிய நிலையும் வரலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், யாருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போவதுதான். பாம்பு கத்தாது, வலி என்று சொல்லாது. அது உண்டதா, கழித்ததா, கக்கியதா, எடை எவ்வளவு என்பவை மட்டுமே நமக்குக் கிடைக்கும் செய்தி. ஒரே தொட்டியில் இரண்டு இருந்தால் அந்தச் செய்தி கலந்துவிடும்.

தம்பி இரவில் இரண்டு எலிகளை வைத்துவிட்டுத் தூங்கப் போவான். காலையில் இரண்டும் இருக்காது. இரண்டு பாம்பும் சாப்பிட்டதாகவே நினைத்தான். 'கொறைச்சுக்கும்' என்று அவன் சொன்னது அந்த நம்பிக்கையில்தான். வாரக் கணக்கில் இரண்டு எலியையும் பெண் பாம்பே தின்று வந்திருக்கிறது. ஒருநாள் பாதி செரித்த எலி தொட்டியில் கிடந்தபோதும், எந்தப் பாம்பு கக்கியது என்று அவனால் சொல்ல முடியவில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது ஆண் பாம்பின் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வாயில் புண் இருந்தது.

சத்தமில்லாத நோய்

போவா, மலைப்பாம்பு இனங்களைத் தாக்கும் ஐ.பி.டி. என்ற நோய் 1970-களிலிருந்தே அறியப்பட்டது. அதன் பின்னால் ஒரு வைரஸ் குடும்பம் இருப்பதை 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அடிக்கடி கக்குதல், மெலிதல், தலையை மேல்நோக்கித் திருப்பியபடி கிடத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். மருந்து கிடையாது. போவா பல ஆண்டுகள் வெளியே ஒன்றும் தெரியாமல் இந்த வைரஸைச் சுமக்கக்கூடும் என்பதுதான் கொடுமை. பாம்பின் மேல் ஒட்டும் உண்ணிகளும் இதைப் பரப்பலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது.

எனவே புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில் வைத்துக் கவனியுங்கள். தொட்டியையும் இடுக்கியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் பகிராதீர்கள். அதன் பிறகும் ஒரு பாம்புக்கு ஒரு தொட்டி என்பதே பாதுகாப்பு.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சமையலறைத் தராசு ஒன்றும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடையைக் குறித்து வையுங்கள். எடை பெரிதாகக் குறையாமல், சுறுசுறுப்பாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, மீண்டும் மீண்டும் கக்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயில் புண்ணோ சளியோ தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார் என்பதைப் பாம்பு வாங்கும் முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

உரிமத்தையும் மறக்கக் கூடாது. அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போவா இனம் இடம்பெற்றுள்ளது. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்குவது பெர்ஹிலித்தான் இலாகா. வாங்கும் முன் அங்கே கேட்டுத் தெளிவு பெறுங்கள். வளர்க்க முடியாத நிலை வந்தாலும் அந்த இலாகாவைத்தான் நாட வேண்டும். தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அரூபா தீவில் அப்படிப் பெருகிய போவாக்கள் அங்குள்ள பறவைகளையும் பல்லிகளையும் தின்று வருகின்றன.

சித்தி வீட்டில் இப்போது பெண் பாம்பு மட்டும் இருக்கிறது. அதன் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்கு வயது நான்குதான். முடிவு எப்படி வந்தாலும் அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்கிறான் தம்பி. தொட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் தேதியும் எடையும் எழுதியிருக்கிறான். போன வாரம் சித்தியும் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இன்னிக்கு சாப்பிட்டுச்சு.'