உங்கள் தளத்துக்கு எத்தனை கனெக்‌ஷன்? ஹோஸ்டிங் வாங்கும்முன் கேளுங்கள்

கடை, டியூஷன் சென்டர், உள்ளூர்ச் செய்தி என்று சிறிய இணையதளம் நடத்துகிறவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். ஆட்கள் திரண்டு வருகிற நேரம் பார்த்துத் தளம் நின்றுவிடும். டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று வேர்ட்பிரஸ் ஒற்றை வரி காட்டும். ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் உங்கள் தவறு இருக்கலாம். உங்களுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒருவரின் தவறும் இருக்கலாம்.

விலை குறைந்த ஹோஸ்டிங்கில் பல வாடிக்கையாளர்களின் தளங்கள் ஒரே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரில் ஓடும். அந்த சர்வர் ஒரே நேரத்தில் ஏற்கும் கனெக்‌ஷன்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அது 151. ஆனால் ஒரு யூசர், அதாவது டேட்டாபேஸில் நுழையத் தளம் பயன்படுத்தும் கணக்கு, அதில் எத்தனையை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான அமைப்பு, ஆரம்பத்தில் 0 என்றுதான் இருக்கும். 0 என்றால் வரம்பே கிடையாது. எங்கோ ஒரு கணக்கில் கோளாறான ஸ்கிரிப்ட் ஒன்று கனெக்‌ஷன்களைத் திறந்துகொண்டே போனால் அது ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துவிடும். உங்கள் தளத்தில் நாலே பேர் இருந்தாலும் அவர்களுக்கும் கதவு அடைபடும். பாஸ்வேர்ட் திருடியவரும் இதையே வேண்டுமென்று செய்ய முடியும்.

தடுக்கும் வழி மைஎஸ்கியூஎல்லிலேயே இருக்கிறது. 'மேக்ஸ் யூசர் கனெக்‌ஷன்ஸ்' என்ற வரம்பை எல்லா யூசருக்கும் பொதுவாகவும் வைக்கலாம், யூசரை உருவாக்கும்போதோ பின்னரோ அவருக்கென்று தனியாகவும் வைக்கலாம். தனி வரம்பு இருந்தால் அதுதான் செல்லும். மற்றொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் சர்வரிலும் நிலைமை இதுவே: மொத்த வரம்பு வழக்கமாக 100, தனி யூசருக்கு நாம் வைக்காதவரை வரம்பில்லை. ஒவ்வொரு கனெக்‌ஷனும் சர்வரின் மெமரியைத் தின்கிறது. அதனால் நிறுவனம் வரம்பு வைப்பதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அது உங்களுக்கும் பாதுகாப்பு. அந்த எண்ணைச் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு.

கோளாறு யார் பக்கம் என்பதைப் பிழை எண் காட்டிக்கொடுக்கும். 1040 என்றால் சர்வர் முழுவதும் நிரம்பிவிட்டது; நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். 1203 என்றால் எல்லோருக்கும் வைத்த பொது வரம்பை உங்கள் யூசர் தொட்டுவிட்டார். 1226 என்றால் உங்கள் கணக்குக்கே வைத்த வரம்பு முடிந்தது. எந்த வரம்பு என்பதும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். வேர்ட்பிரஸில் டீபக் லாகை இயக்கினால் இந்த எண் பதிவாகும். அதைப் பக்கத்தில் காட்டும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள், யூசர் பெயர் வெளியே தெரிந்துவிடும்.

பிந்தைய இரண்டில் ஒன்று வந்தால், வரம்பை உயர்த்தச் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் டேட்டாபேஸை 2 விநாடி பிடித்துவைத்திருக்கிறது, விநாடிக்கு 15 பேர் அதைத் திறக்கிறார்கள் என்றால் எந்நேரமும் சுமார் 30 கனெக்‌ஷன் வேண்டும். டேட்டாபேஸ் விரைவாகத் தேட உதவும் சரியான இன்டெக்ஸ் போட்டு அதே வேலையை 0.2 விநாடியில் முடித்தால் 3 போதும். கூட்டம் குறையவில்லை, தேவை மட்டும் பத்தில் ஒன்றாகிவிட்டது. பெரிய பிளானால் கிடைக்காத நிம்மதி பல நேரங்களில் இந்த ஒரு வேலையால் கிடைத்துவிடும்.

அடுத்தது, சும்மா கிடக்கும் கனெக்‌ஷன்கள். வேலை இல்லாத கனெக்‌ஷனை மைஎஸ்கியூஎல் தானாகத் துண்டிக்க வழக்கமாக 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் காத்திருக்கும். திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் பிராசஸ் லிஸ்ட்டைப் பார்த்தால் 'ஸ்லீப்' என்று அவை தெரியும். உங்கள் யூசரின் கனெக்‌ஷன்களைப் பார்க்கவும் துண்டிக்கவும் தனி அனுமதி தேவையில்லை. அப்படி நிறைய கிடந்தால், பிஎச்பியில், வேலை முடிந்தும் மூடாமல் வைத்திருக்கும் பெர்சிஸ்டன்ட் கனெக்‌ஷன் இயங்குகிறதா என்று டெவலப்பரிடம் கேளுங்கள்.

மீண்டும் மீண்டும் 1040 வருகிறது, நிறுவனம் அசையவில்லை என்றால் தேதி, நேரம், பிழை எண், அவர்களுக்கு அனுப்பிய புகார், வந்த பதில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டையும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் பற்றிப் பேசுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருப்பதால், வியாபாரத் தளம் நடத்துகிறவர்கள் வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. எனவே வாங்கும்போதே கேளுங்கள்: ஒரு யூசருக்கு எத்தனை கனெக்‌ஷன், மற்ற வாடிக்கையாளர்களுக்கும் வரம்பு உண்டா, அது ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தளம், பேக்அப், ரிப்போர்ட் மூன்றுக்கும் தனித்தனி யூசரும் தனித்தனி வரம்பும் கொடுங்கள். ஒரே பெயரை இரண்டு ஹோஸ்டுக்குப் பதிந்திருந்தால் மைஎஸ்கியூஎல் அவற்றை இரண்டு கணக்காகவே எண்ணும். தளத்தை, நிர்வாகியின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில் ஓட்டவே ஓட்டாதீர்கள். 151 நிரம்பிய பிறகும் நிர்வாகி உள்ளே வரக் கூடுதலாக ஓர் இடத்தை சர்வர் ஒதுக்கி வைத்திருக்கிறது. ரூட்டில் ஓடும் தளம் அதையும் எடுத்துக்கொண்டால், கோளாறு செய்யும் கனெக்‌ஷனைத் துண்டிக்க உங்களாலேயே உள்ளே போக முடியாது.