பிள்ளைகள் விற்கும் பலகாரமும் பெற்றார் கடமையும்

பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவேண்டும். விளையாட்டுக் குழுவுக்குச் சீருடை தைக்கவேண்டும். இத்தகைய நற்காரியங்களுக்காகப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பலகாரத்துக்கு ஓடர் எடுப்பதும், பின்னர் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் பெறுவதும் உண்டு. பார்வைக்கு இஃது எளிய முயற்சியே. ஆயினும், பொதிகள் மாறிப்போகும் நாளில்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

இவ்வழக்கம் நூறு ஆண்டுகளைக் கடந்தது. கண்டியிலே பெண் சாரணியர் இயக்கம் தோன்றிய 1917ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி நகரச் சாரணியர் குழுவொன்று தாமே சுட்ட பிஸ்கற்றுகளை உயர்நிலைப் பாடசாலையில் விற்றது. 1922இல் அந்நாட்டுச் சாரணியர் சஞ்சிகை செய்முறையொன்றை வெளியிட்டது. ஆறேழு டசின் சுடுவதற்கு 26 முதல் 36 சதம் வரை செலவாகும். ஒரு டசினை 25 அல்லது 30 சதத்துக்கு விற்கலாம் என்று கணக்கும் காட்டியது. பலகாரத்துடன் கணக்கும் அன்றே பிறந்துவிட்டது.

மடவளையிலே ஒரே தெருவில் இரண்டு பாத்திமாமார் இருக்கக்கூடும். ஒருவருடைய பொதி மற்றவரிடம் போனால் நகைத்து மறந்துவிடலாம். ஆனால், கண்டிப் பகுதியில் முஸ்லிம், சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் அயலயலாக வாழ்கின்றன. மாட்டிறைச்சி றோல்ஸ் மரக்கறி உண்பவர் வீட்டை அடைந்தால் அவர் மனம் புண்படும். கச்சான் ஒவ்வாத குழந்தையின் கையில் கச்சான் பிஸ்கற் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதற்குச் சிறந்த காப்பு எழுத்தே. சாரணர் வேலை வாரத்தில் சிறுவர் ஓர் அட்டை கொண்டு செல்கின்றனர். வேலை கொடுத்தவர் தொகையை அதில் எழுதி ஒப்பமிடுகிறார். பலகார ஓடருக்கும் அம்முறையைக் கைக்கொள்ளலாம். பெயர், வீட்டு இலக்கம், பலகார வகை, எண்ணிக்கை, கொடுத்த பணம் ஆகிய ஐந்தையும் வாங்குபவரே எழுதட்டும். அவ்விவரத்தைப் பொதியின் மேலும் ஒட்டிவிட்டால் தவறு பெரிதும் குறையும்.

அப்படியும் தவறு நேர்ந்தால் என் செய்வது? முதலில், கச்சான் முதலியன கலந்திருந்தால் உண்ணவேண்டாமென்று அவ்வீட்டாருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். திறந்த பொதியை மீளப்பெற்று இன்னொருவருக்குக் கொடுத்தல் ஆகாது. புதிய பொதியே கொடுக்கவேண்டும். பணம் குறைந்தாலும் அமைதியாக ஆராயலாம். 100 ரூபா வீதம் 40 பொதிகள் விற்று 3,700 ரூபாவே வந்திருந்தால் குறைவது மூன்று பொதிகளின் விலை. பொதி மீந்துள்ளதா, எவரேனும் கடன் சொன்னாரா, மீதிப்பணம் கூடுதலாகப் போயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

இங்கே பெற்றார் இரு தவறுகளைத் தவிர்த்தல் நன்று. ஒன்று, பிள்ளை அறியாமல் குறைந்த பணத்தை இட்டு நிரப்புதல். மற்றது, ஆராயுமுன் பிள்ளையைச் சந்தேகித்தல். முன்னது பொறுப்பின்மையை வளர்க்கும். பின்னது பொய்யை வளர்க்கும். துணைக்குச் செல்லுங்கள், ஆனால் வாசலில் நின்று, “மாறிக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்” என்று பிள்ளையே சொல்லட்டும். அடுத்த ஆண்டு அதே பிள்ளை வரும்போது அவ்வீட்டார் மனமுவந்து கதவைத் திறப்பர்.