மழைமலையில் மிதிவண்டி

நீலகிரியின் மேற்கே அமைந்த தேவாலா, தமிழகத்தில் மிகுந்த மழை பெறும் ஊர்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகள் சேறாகிவிடும். சமவெளிச் சாலைக்கென அமைந்த மிதிவண்டி அங்கே உதவுமா? சில மாற்றங்களைச் செய்தால் உதவும்.

முதலாவது, டயர். சட்டம் இடந்தரும் அளவுக்கு அகன்றதும் ஆழ்ந்த வரிகள் உடையதுமான டயரைப் பொருத்துதல் வேண்டும். காற்றைச் சற்றுக் குறைத்தால் அது மண்ணை நன்கு பற்றும். மிகக் குறைத்தாலோ கல்லில் மோதி டியூப் கிழியும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே போதிய வெளி இல்லையேல் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

இரண்டாவது, ஏற்றம். முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழலும். பின்னே 22 பற்கள் உடையதை இட்டால் இரண்டே சுற்று. வேகம் குறையும், ஏற்றம் எளிதாகும்.

மூன்றாவதே உயிர்நிலை: பிரேக். நனைந்த எஃகு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும்; அலுமினிய ரிம் அதனினும் நன்று. எதுவாயினும், இறக்கம் தொடங்குமுன்பே பிரேக்கை மெல்ல அழுத்தி ரிம்மின் நீரைத் துடைத்துவிடல் வேண்டும். வளைவை அடைந்தபின் அழுத்துவது காலங்கடந்த செயல்.

1970களில் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய பருத்த டயர் வண்டிகளை மலைப்பாதைக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். நீண்ட இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போயிற்று. அவர்களும் பிரேக்கின் அருமையை இறக்கத்திலேதான் உணர்ந்தனர்.

ஏறுவதற்கு வலிமை போதும். இறங்குவதற்கு எச்சரிக்கை வேண்டும். உயிர் இறைவன் தந்த அமானிதம். அதனைக் காக்க ஒரு சோடி பிரேக் கட்டையின் விலை பெரிதன்று.