பேச்சுக்கும் ஒரு படம் வேண்டும்

பொதுக்கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதம் நடைபெறுகிறது. நடவடிக்கைப் புத்தகத்திலோ ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்ற ஒரே வரிதான் எஞ்சுகிறது. நெசவாளர் சங்கம் ஒன்றின் தணிக்கையில், விற்பனையாகாமல் தேங்கிய சேலைக் கட்டுகளைக் கண்டோம். “இந்த ரகம் விலைபோகாது என்று அன்றே சொன்னேனே!” என்றார் ஓர் அம்மையார். அவர் சொன்னதற்கு எழுத்தில் சான்றில்லை. அப்புத்தகத்தைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்டவர் நாமேதான்.

பேச்சு காற்றோடு போகாதிருக்க வழி யாது?

அடையாற்றை அடுத்த தரமணியில், 1988-இல் நிறுவப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, அந்நிறுவனம் கிராமத்தாரையே கூட்டி அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தது. ‘பங்கேற்பு ஊரக மதிப்பீடு’ எனப்படும் இம்முறை, 1988, 1989-ஆம் ஆண்டுகளில் குஜராத், கர்நாடகக் கிராமங்களில் வேரூன்றியது; ஆங்கில அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ் இதனை உலகறியச் செய்தார்.

இதன் செயல்முறை எளிது. நெல் ரகங்களைப் பற்றிய விவாதமாயின், கோலப்பொடியால் தரையில் கட்டங்கள் வரைவர். மேல்வரிசையில் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பிடி நெல். பக்கவாட்டில் விளைச்சல், வைக்கோல், தண்ணீர்த் தேவை, சந்தை விலை. கட்டந்தோறும் புளியங்கொட்டைகளை வைத்து மதிப்பிடுவர். இங்கே பத்து ஏன், அங்கே இரண்டு ஏன் என்று கேட்கும்போதுதான் அவரவர் அனுபவம் வெளிப்படும். எழுத்தறியாதவரும் கைநீட்டிக் கொட்டையை நகர்த்தலாம்.

விவாதத்தையே படமாக்கும் முறையொன்றை 1970-இல் வெர்னர் குன்ஸ், ஹார்ஸ்ட் ரிட்டல் என்னும் அறிஞர்கள் வகுத்தனர். மேலே கேள்வி, அதன் கீழே கூறப்பட்ட யோசனைகள், ஒவ்வொன்றிலிருந்தும் சாதக பாதகங்கள் கிளைகளாகப் பிரியும். ‘அடுத்த பருவத்துக்கு எந்தச் சேலை ரகம்?’ என்ற கேள்வியை இவ்வாறு வரைந்திருந்தால், அந்த அம்மையாரின் சொல்லும் ஒரு கிளையாக நின்றிருக்கும். பதில் கூறாமல் அதனைக் கடந்திருக்க இயலாது.

ஓர் எச்சரிக்கை. கோலப்பொடி காரியதரிசியின் கையிலேயே இருந்தால், படமும் அவருடைய படமாகவே முடியும். அது கைமாற வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்போரிடமும் செல்ல வேண்டும்.

அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனைச் செய்து பார்ப்பார்களாக. படத்தைத் தாளில் பெயர்த்து, தேதியிட்டு, நடவடிக்கைப் புத்தகத்துடன் இணைத்து வைக்கலாம். இனிக் கையொப்பமிடுமுன் அந்தத் தாளையும் கேட்டுப் பார்ப்பதென்று நாம் உறுதி பூண்டுள்ளோம்.