மூடப்பட்ட பெட்ரோல் நிலையமும் அதனடி நீரும்

பெட்ரோல் நிலையம் ஒன்று மூடப்பட்டுவிட்டால் அதன் கதை முடிந்துவிட்டதென்று பலரும் எண்ணுவர். விற்பனைப் பொறிகள் அகற்றப்படுகின்றன. தரை சமன் செய்யப்படுகிறது. சில ஆண்டுகளில் அவ்விடத்தில் குடியிருப்பு எழுகிறது. ஆனால் தரைக்கடியில் பல்லாண்டுகள் கிடந்த எஃகுத் தொட்டிகளும் குழாய்களும் துருவேறிக் கசிந்திருப்பின், அக்கசிவு மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும்.

இதன் விளைவைத் தமிழ் மக்கள் நேரிற் கண்டுள்ளனர். 2013ஆம் ஆண்டில் வடசென்னையின் தண்டையார்பேட்டையில், எண்ணெய்க் குழாய்க் கசிவினால் வீட்டுக் கிணறுகளில் பெட்ரோலியப் பொருள் கலந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது; இவ்வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில், அம்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இவையிரண்டும் பெட்ரோல் நிலையங்கள் அல்ல. எனினும் எண்ணெய் மண்ணுள் இறங்கி நீரைச் சேரும் முறை ஒன்றே.

பெட்ரோலில் உள்ள பொருள்களுள் மிகவும் அஞ்சத்தக்கது பென்சீன். அது புற்றுநோயை விளைவிப்பது. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியப் பெட்ரோலில் பருமனளவில் நூற்றுக்கு 1 பங்கு வரை பென்சீன் இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அது ஏறத்தாழ 8.8 கிராம் ஆகும். அவ்வளவும் நீரிற் கரையுமாயின், சுமார் 8,80,000 லிட்டர் நீரை வரம்பளவுக்குக் கொண்டுவந்துவிடும். மேலும், நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் சேர்ந்த பின்னரே பென்சீனின் மணம் புலப்படும். இது வரம்பைப் போல் ஆயிரம் மடங்கு. ஆகவே, "நாற்றம் இல்லை, நீர் நல்லது" என்று கூறுவது பெரும் பிழையாகும்.

ஆய்வை எவ்வாறு தொடங்குவது? முதற்கண் இடத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். தொட்டிகள் எங்கே புதைக்கப்பட்டன, எப்பொழுது மாற்றப்பட்டன, இருப்புக் கணக்கிற்கும் விற்பனைக் கணக்கிற்கும் வேறுபாடு இருந்ததா என்பவற்றைப் பழைய வரைபடங்களும் பதிவேடுகளும் காட்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முற்பட்ட நிலையமாயின் மண்ணில் ஈயத்தையும் சோதிக்க வேண்டும்.

அடுத்து, தொட்டிக்குழி, குழாய்த் தடம், விற்பனைப் பொறி நின்ற இடம் ஆகியவற்றின் அருகே துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். நீருக்கெனக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. அவை ஒரே நேர்கோட்டில் இருத்தலாகாது. முக்கோணமாக அமைய வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரு பொது மட்டத்திலிருந்து அளந்தால், நீர் எத்திசையில் சாய்கிறது என்பது விளங்கும். மாதிரி நீரைக் காற்றுக் குமிழி சிறிதுமின்றிக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி மூடி, குளிர்ச்சியில் வைத்து அனுப்ப வேண்டும். இல்லையேல் பென்சீன் ஆவியாகிப் போய்விட, மாசுற்ற நீரும் தூயதெனப் பெயர் பெறும்.

இம்முறை மணற்பாங்கான நிலத்திற்குப் பெரிதும் பொருந்தும். புனே நகரில் விமான நிலையத்தை அடுத்துள்ள விமான் நகர் போன்ற இடத்தில் இது மட்டும் போதாது. அங்கு நிலத்தடியில் இருப்பது தக்காணத்து எரிமலைப் பாறையாகிய பசால்ட். மேலே சிதைந்த பாறையும் கீழே கெட்டிப் பாறையும் உள்ளன. நீர் பெரும்பாலும் வெடிப்புகளின் வழியே செல்கிறது. எனவே மூன்று கிணறுகள் காட்டும் திசையை விட்டு விலகி, ஒரு வெடிப்பின் வழியே மாசு வேறொரு வீட்டின் ஆழ்துளைக் கிணற்றை அடையக்கூடும். மிகுதியாக நீர் இறைக்கும் கிணறும் மாசைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சுற்றுப்புறக் கிணறுகள் அனைத்தையும் கணக்கெடுத்துச் சோதிப்பதே இங்குத் தக்க வழி. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து தாழ்வதால், மழைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை மாதிரி எடுத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு கண்ணாடித் தொட்டியில் மணலையும் மற்றொன்றில் செங்கற்றுண்டுகளையும் இட்டுப் பாதியளவு நீர் ஊற்றுக. வண்ணம் கலந்த கடலை எண்ணெயை மேலிருந்து சிறிது சிறிதாக விடுக. மணலில் அது பரவி இறங்குவதையும், கற்களிடையே இடுக்கு வழியே ஓடுவதையும், இரண்டிலும் நீரின்மேல் மிதப்பதையும் மாணவர் காண்பர். பெட்ரோலைக் கொண்டு இச்சோதனையை ஒருபோதும் செய்தலாகாது.

இந்திய அரசு 2025ஆம் ஆண்டில் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென விதிகளை வெளியிட்டுள்ளது. ஐயத்திற்குரிய இடங்களை மாவட்ட நிருவாகம் கண்டறிந்து தெரிவிப்பதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்வதும், மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்பதும் அவற்றின் கருத்து. ஆயினும் விதி செயற்படுவதற்குக் களத்தில் எடுக்கும் மாதிரியே அடிப்படை. ஒரு புட்டியை ஒழுங்காக மூடாமற் போனால், ஒரு குடும்பம் அந்நீரைப் பல்லாண்டுகள் பருக நேரிடலாம். இதனைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளுதல் நலம்.