பெயர் ஒன்று, திறன் வேறு
பினாங்கின் புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் டெல் ஆலை இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாசில் 1972 முதல் இன்டெல். கணினி நம் வீட்டு வாசலிலேயே உருவாகும் பொருள். அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டாமா?

மேசைக் கணினியை எடுத்துவிட்டு 16, 17 அங்குலத் திரையுள்ள மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் திறன் ஒன்றாக இருக்காது. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற வரைகலை அட்டை மேசைக் கணினியில் 450 வாட் வரை மின்சாரம் எடுக்கும், நினைவகம் 24 ஜிகாபைட். அதே பெயர் மடிக்கணினியில் வரும்போது சுமார் 150 வாட், 16 ஜிகாபைட்தான். மெல்லிய உடலுக்குள் அதற்கு மேல் சூட்டை வெளியேற்ற முடியாது. ஆகவே கடையில் எத்தனை வாட் என்று கட்டாயம் கேளுங்கள். ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பிறகு கூட்ட முடியாது. தொடக்கத்திலேயே 32 ஜிகாபைட் எடுப்பது நல்லது.

எந்நேரமும் மின்சாரத்தில் செருகியே வைத்திருப்பீர்கள் என்றால், மின்கலம் 80 விழுக்காட்டோடு நிற்கும்படி அமைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கைக்கு, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் காற்று நன்றாக உள்ளே போகும்.